ஜப்பானில் வெண்மதி தொலைத்தவை

வெண்மதியிடம் எதையும் கொடுத்தனுப்பக் கூடாது என்பது அவள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைகளுக்கும் தெரியும். குடை, டிபன் பாக்ஸ், ஜாமெட்ரி பாக்ஸ், ஒற்றைக் கொலுசு, அப்பாவின் டார்ச் லைட் என்று அவள் இதுவரை தொலைத்ததை எல்லாம் சேர்த்தால் பாப்பாரப்பட்டி சந்தையில் ஒரு கடையே போடலாம். ஒரு தடவை ஆடு மேய்க்கப் போனாள். பொழுது சாய்ந்ததும் ஆடு தன்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது, இவளைக் காணோம். போய்ப் பார்த்தால், யாரோ ட்ரோன் விட்டு வயலுக்கு மருந்து அடிப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

மறதிக்காரி என்று சொன்னால் அது அபாண்டம். பாடத்தில் ஒரு வரி அவளுக்கு மறக்காது. வேடிக்கை பார்ப்பதுதான் அவளுடைய வியாதி. புதிதாக ஒன்றைக் கண்டால் கண் மட்டும் வேலை செய்யும்; கை எதைப் பிடித்திருந்ததோ அதைப் போட்டுவிடும். அவள் அம்மா சசிகலா, சாமந்தி பறித்த கையைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஓடி, "எம்புள்ள இங்க எதாச்சும் வச்சிட்டு வந்துட்டாளுங்களா?" என்று கேட்டுக் கேட்டு மீட்டு வருவாள். தானே போய்க் கேட்க வெண்மதிக்கு வெட்கம். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொள்வாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பெண்ணைப் பிடித்துத்தான் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். தக்காளி விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, தக்காளியை வெயிலில் உலர்த்த ஒரு பெட்டி செய்திருந்தாள். பழைய கண்ணாடி ஜன்னல், கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், இரண்டும்தான் அதில் விஷயம். மாவட்டப் போட்டியில் ஜெயித்தது, மாநிலப் போட்டியிலும் ஜெயித்தது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வாரம் ஜப்பானில் கல்விச் சுற்றுலா என்று சொல்லிவிட்டார்கள். தெருவே வாயடைத்து நின்றது. பெட்டியை மட்டும் எப்படித் தொலைக்காமல் போட்டிக்குக் கொண்டுபோனாள் என்பதுதான் பலருக்கும் சந்தேகம்.

சசிகலா சந்தோஷப்பட்டாள், உடனே பயந்தும் போனாள். ஏற்கெனவே வீட்டில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் விடுதியில் தங்கி விவசாயம் படிக்க வேண்டும் என்று வெண்மதி ஒற்றைக் காலில் நின்றாள். பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பது அம்மாவின் கட்சி. அப்பா மாயவன் தக்காளி லோடு வேன் ஓட்டுகிறவர். மனசு மகள் பக்கம், வாய் மனைவி பக்கம். புறப்படுவதற்கு முந்தின நாள் சசிகலா தீர்ப்பு சொன்னாள்.

"இங்க பாரு புள்ள. இங்கிருந்து கொண்டுபோறது அத்தனையும் திரும்பி வரணும். ஒரு சாமான் கொறஞ்சாலும் கோயமுத்தூர் பேச்ச எடுக்கக் கூடாது. தருமபுரி காலேஜு, சாயந்தரமானா வூடு."

"எல்லாம் திரும்பி வந்துருச்சின்னா?"

"வரட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்னம்மா அர்த்தம்?"

"சேத்து வுடறன் போ!"

சொன்னதோடு விடவில்லை. எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போய், கல்யாணச் சீர் பாத்திரத்துக்கு வெட்டுகிற மாதிரி 'மா. வெண்மதி, பாப்பாரப்பட்டி' என்று பேர் வெட்டிக்கொண்டு வந்தாள். மார்க்கர் பேனா வாங்கி, ஷூவின் உள்பக்கம், சீப்பு, சோப்பு டப்பா, துண்டு என்று எழுத இடமிருந்த எதையும் விடவில்லை. ஜப்பானுக்குக் கூட வந்த சாயிரா, தருமபுரி டவுன் பெண், அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன்டி, உன் நெத்தியில எழுதலியா?" என்று கேட்டாள். சாயிராவின் அப்பாவுக்குப் பை தைக்கிற தொழில். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் வைக்க, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரே நிறத்தில் துணிப்பை தைத்துக் கொடுத்திருந்தார். அதிலும் சசிகலா எழுதினாள்.

பெங்களூரில் விமானம் ஓடத் தொடங்கித் தரையை விட்டதும், பிள்ளைகள் அத்தனை பேரும் திருவிழா ராட்டினத்தில் ஏறினாற்போல "ஓஓஓ" என்று கத்தினார்கள். பக்கத்து இருக்கையில் கோட்டு போட்டுக்கொண்டு தூங்கத் தயாராக இருந்த பெரியவர் ஒருவர், என்ன நினைத்தாரோ, தானும் கையைத் தூக்கி "ஓ" என்றார். கூட்டிப்போன அமுதவல்லி டீச்சர் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். வெண்மதிக்கு அப்போதே தலை கிறுகிறுத்துவிட்டது. அந்தக் கிறுகிறுப்பு ஒரு வாரம் இறங்கவே இல்லை.

டோக்கியோவில் இறங்கியதிலிருந்து எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. ரோட்டோரத்தில் ஆளே இல்லாத பெட்டி ஒன்று சுடச்சுடக் காப்பியும் கொடுக்கிறது, ஜில்லென்று ஜூஸும் கொடுக்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கிற வயசில் பிள்ளைகள் பெரிய பையை மாட்டிக்கொண்டு தனியாக ரயிலில் போகிறார்கள். ரயிலில் அத்தனை கூட்டம், ஒரு சத்தம் கிடையாது. முதல் நாள் நம் பிள்ளைகள் ஏறியதும் அந்தப் பெட்டியே சந்தைப்பேட்டை ஆகிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, டீச்சர் உதட்டில் விரலை வைக்க, அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு! அடக்க அடக்க மூக்கு வழியாக வருகிறது.

எல்லாவற்றையும்விட வெண்மதியை மயக்கியது ரயில் ஊழியர்கள்தான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, சிக்னலைப் பார்த்து விரலை நீட்டி, தங்களுக்குத் தாங்களே ஏதோ உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். கதவு மூடியதும் மறுபடி விரல் நீட்டி ஒரு வார்த்தை. தப்பு நேராமலிருக்கக் கண்ணும் வாயும் கையும் ஒன்றாகச் சரிபார்க்கிற முறையாம் அது. வெண்மதி நடைமேடையில் நின்று அதேபோல விரலை நீட்டினாள். "கதவு மூடியாச்சு!" என்றாள். "பச்சை விளக்கு வந்தாச்சு!" என்றாள். ரயில் போயாச்சு. அதோடு அவள் தண்ணீர் பாட்டிலும் போயாச்சு.

வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கோயமுத்தூர் போய்விட்டதே! அன்று வழிகாட்டியாக வந்த ஜப்பான்காரர் எங்கோ போனில் பேசினார். சாயந்தரம் திரும்பி வருகையில் அதே ரயில் நிலையத்தில் ஒருவர் இரண்டு கையாலும் பாட்டிலை ஏந்திக்கொண்டு நின்றார், சாமிக்குப் படைக்கிறவர் மாதிரி. பாட்டிலில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டி என்னமோ கேட்டார். அழகாக இருக்கிறது என்கிறாராம். பாத்திரக் கடைக்காரர் கேட்டிருந்தால் கடையை மூடிவிட்டு நாலு தெரு சுற்றி வந்திருப்பார்.

அன்றைக்கு அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"எதாச்சும் தொலைச்சியா?"

"எல்லாம் எங்கிட்டதான் இருக்குதும்மா."

பொய் இல்லை. பாட்டில் அப்போது மடியில்தான் இருந்தது.

அடுத்து ஷூ. இதில் வெண்மதியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கூட்டத்துக்கே பங்கு உண்டு. தங்கியிருந்த ஓட்டலில் அறைகள் அத்தனை சுத்தம். பளபளவென்றிருக்கிற அறைக்குள் செருப்புக் காலோடு எப்படிப் போவது? நம் ஊரில் பேங்கில் கண்ணாடிக் கதவு போட்டிருந்தாலே செருப்பை வெளியே விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். "ஷூவோட உள்ள போவாதீங்கடி, வூடு மாதிரி இருக்குது" என்று வெண்மதி முதலில் கழற்ற, அடுத்தவள் கழற்ற, பையன்களும் கழற்ற, நடையில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஷூக்கள் குவிந்தன. கல்யாண மண்டப வாசல் கெட்டது போங்கள். காலையில் கதவைத் திறந்தால் ஒரு ஷூகூட இல்லை!

அன்றைக்குப் போகவேண்டியது ஒரு பல்கலைக்கழகத்துக்கு. எல்லோரும் கோட்டும் டையுமாக, கீழே வெறுங்காலோடு, லிப்டில் இறங்கினார்கள். டீச்சர் பாத்ரூம் செருப்போடு முன்னால் போனார். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு துணி விரித்து, ஜோடி ஜோடியாக, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில், அறை எண் எழுதிய சீட்டோடு அத்தனை ஷூவும் வரிசை கட்டியிருந்தன. அறைக்கு வெளியே இருக்கிற நடை, தீப்பிடித்தால் தப்பி ஓடுகிற வழி, அங்கே சாமான் வைக்கக் கூடாதாம். யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து எடுத்து வைத்தார்களாம். கதவுக்கு உள்ளேயே கழற்றுவதற்கென்று ஒரு மூலை இருப்பதை அப்புறம்தான் காட்டினார்கள். சிலருடைய ஷூவில் ஒட்டியிருந்த மண்கூடத் துடைக்கப்பட்டிருந்தது. வெண்மதிக்கு மானம் போயிற்று, ஆனால் ஷூ வந்துவிட்டது. வீட்டுக் கணக்கில் அது நல்ல நாள்தான்.

இதற்குப் பிறகு அவளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தொப்பியைப் பூங்காவில் விட்டாள். யாரோ அதை எடுத்து மண் படாமல் வேலிக் கம்பியின் உச்சியில் மாட்டி வைத்திருந்தார்கள். குடையைச் சாப்பாட்டுக் கடையில் விட்டாள். கடைக்காரப் பெண் தெருமுனை வரைக்கும் ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். "இந்த ஊர்ல தொலைக்கிறதுக்கே தெறம வேணும்டி" என்று சாயிராவிடம் பெருமையடித்தாள். திருஷ்டி பட்டதுபோல அடுத்த நாளே அந்தத் திறமையும் வந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். டீச்சர் தினமும் காலையில் எண்ணிக் கொடுப்பார், சாயந்தரம் எண்ணி வாங்குவார். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், பெரிய ரயில் நிலையம் ஒன்றில் டீச்சர் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். வெண்மதி கழிப்பறைக்குப் போனாள். அங்கே சுவரில் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினாள், உட்காருகிற இடம் வெதுவெதுப்பானது. இன்னொன்றை அமுக்கினாள், ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீரைக் காணோம், சத்தம் மட்டும்! "சாயிரா, ஒகேனக்கல் கேக்குதுடி!" என்று உள்ளே இருந்து கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். கழுத்தில் இருந்த பை, கதவுக் கொக்கியில் மாட்டினது மாட்டினபடி இருந்துவிட்டது.

தெரிந்து திரும்பி ஓடினபோது கொக்கி காலி.

சிரிப்பெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. பாட்டில் போனால் பாட்டில். பாஸ்போர்ட் போனால் விமானம் ஏற முடியாது. அத்தனை பேர் பயணமும் கெடும், டீச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அம்மாவுக்குப் போன் போகும். கோயமுத்தூரை அவள் நினைக்கக்கூட இல்லை. வழக்கம்போலக் கண் அம்மாவைத் தேடியது. போய்க் கேட்டு வாங்கித் தர அங்கே அம்மா ஏது?

"டீச்சர்கிட்ட சொல்லிரலாம்டி" என்றாள் சாயிரா.

"மொதல்ல நான் போய்க் கேக்கறன்."

எதிரே துடைப்பக்கட்டையோடு ஒரு வயசான அம்மா வந்தார். வெண்மதி அவர் முன்னால் போய் நின்று, கழுத்தில் பை மாட்டியிருந்தேன் என்று காட்டுவதற்காகக் கழுத்தைச் சுற்றிக் கையால் கோடு இழுத்து, மேலே தூக்கிக் காட்டினாள். அந்த அம்மா அரண்டு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லத் தொடங்கினார். தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்! சாயிராவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வெண்மதி விடவில்லை. சாயிராவின் கழுத்தில் கிடந்த பையைப் பிடித்து இழுத்துக் காட்டி, தன் கழுத்தைத் தொட்டு, கையை விரித்தாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவளைக் கைப்பிடித்து, படி ஏறி, படி இறங்கி, தொலைந்த சாமான்களை வாங்கி வைக்கிற ஒரு ஜன்னலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஜன்னலுக்குள் இருந்தவர் பையை எடுத்து மேசை மேல் வைத்தார். வெண்மதிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் உடனே கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அழுத முகம் படத்தோடு ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. காகிதத்தையும் பேனாவையும் தள்ளி, பையில் சசிகலா எழுதியிருந்த பேரைச் சுட்டிக் காட்டினார். வெண்மதி எழுதினாள். அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். 'ண்' வந்ததும் நின்று, அதில் இருந்த சுழிகளை ஒவ்வொன்றாகப் பேனா முனையால் தொட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியாகி, எழுந்து நின்று, குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினார். வெண்மதியும் குனிந்தாள். அவர் மறுபடி குனிந்தார். இவளும் மறுபடி. சாயிரா சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்னும் இரண்டு பேரும் குனிந்துகொண்டுதான் இருப்பார்கள்.

அன்றும் அம்மா கேட்டாள். அன்றும் எல்லாம் அவளிடம்தான் இருந்தது.

பெங்களூரிலிருந்து வேன் அவளைத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டு அலறுகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார், முன் சீட்டில் இருக்கிறவர் பின் சீட்டில் இருக்கிறவரிடம் குடும்பக் கதை பேசுகிறார், யாருடைய கூடையிலோ கோழி கத்துகிறது. ஒரு வாரம் அமைதியில் கிடந்த காதுக்கு அத்தனையும் தேனாக இருந்தது. அட, நம் பஸ்ஸில் இவ்வளவு இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஊர் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்து, புறப்படுகிற பஸ்ஸைப் பார்த்து விரலை நீட்டி, "ரைட்டு போலாம்!" என்றாள்.

டிவிஎஸ் வண்டியோடு காத்திருந்த அப்பா பெட்டியைப் பார்த்தார். "அவ்ளோதானா கண்ணு? தோள்ல ஒரு பை போட்டுட்டுப் போனியே?"

அவ்வளவுதான். அப்பனும் மகளும் பஸ்ஸைத் துரத்தினார்கள். பென்னாகரத்தில்தான் பிடிக்க முடிந்தது. "அந்தப் பைங்களா? உங்க ஊரு குள்ளம்மா அடுத்த ஸ்டாப்புல, சந்தகிட்ட எறங்கறப்பவே எடுத்துட்டுப் போயிட்டாங்களே!" என்றார் கண்டக்டர். மாயவனுக்கு மூச்சு வந்தது, அடுத்த நொடியே போயிற்று. குள்ளம்மாள் அடுத்த வீட்டுக்காரி. அவள் எடுத்துப் போனால் பை நேராகச் சசிகலாவிடம்தான் போயிருக்கும்.

போயிருந்தது. வாசலில் பை திறந்து கிடந்தது. ஜப்பான் சாக்லேட்டைத் தெருப் பிள்ளைகள் பாதிக்கு மேல் தீர்த்திருந்தார்கள். அம்மாவுக்கென்று வாங்கிய விசிறியால் குள்ளம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். "வாடியம்மா ஜப்பான்காரி! நான் பாக்காம வுட்டிருந்தா உம்பையி மேட்டூருக்கே போயிருக்கும்" என்றாள்.

சசிகலா சத்தம் போடவில்லை. அதுதான் வெண்மதிக்குப் பயம். "சரி, பையி வந்துருச்சி. அங்க எதும் தொலைக்கலையில்ல?" என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா பின்னால் நின்று அதையே சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். ஆனால் அம்மா அதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "இங்க குள்ளம்மா இருந்தா, வந்துச்சி. கோயமுத்தூர் பஸ்ஸுல குள்ளம்மா இருப்பாளா?"

"ஜப்பான்லயே குள்ளம்மா இருந்தாம்மா!" என்று வாய் முந்திக்கொண்டது.

அப்புறம் யார் அடக்க முடியும்? ஒரு வாரம் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் கொட்டியது. பாட்டிலை ஏந்தி நின்றவர் மாதிரி நின்று காட்டினாள். வெறுங்காலோடு டீச்சர் பின்னால் நடந்த கூட்டத்தை நடந்து காட்டினாள். கழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்ததும் குள்ளம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது, விசிறியைக் கீழே போட்டுவிட்டாள். குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து, கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெருவே சிரிக்கிற நேரத்தில் அம்மா ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருப்பதை வெண்மதி கவனித்தாள்.

"ஆக, எல்லாத்தையும் தொலைச்சிருக்க. போன்ல கேட்டப்ப எல்லாம் இருக்குதுன்ன."

"அப்ப இருந்துச்சும்மா. அப்பப்ப திரும்பி வந்துருச்சி."

சிரிக்க வைக்கிற ஆசையில் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது வெண்மதிக்குப் புரிந்தது.

"அந்தப் பாஸ்போட்டுப் பைய போய்க் கேட்டது யாரு? டீச்சரா?"

"டீச்சருக்குத் தெரியாதும்மா. நாந்தான்."

"சாயிரா பேசினாளா?"

"அவ சிரிச்சிட்டு உக்காந்துட்டா. நாந்தான் கேட்டன்."

"நீயா? என்னா பாஷையில கேட்ட?"

"பாஷையே இல்லம்மா. கையிலதான்."

சசிகலா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம் என்று இத்தனை வருஷமும் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பிள்ளைதானா இது என்று பார்க்கிற பார்வை. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"பாஷை தெரியாத ஊர்லயே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கறாளுங்க. கோயமுத்தூர்ல தமிழ்தான பேசறாங்க? அப்ளிகேசன் போட்டு வுட்டுருங்க."